இடம்பெயர்ந்தோர் கணக்கு: எண்ணிக்கை மட்டும் போதுமா?

கலகத்தாலோ போராலோ மக்கள் தம் ஊரை விட்டு வெளியேற நேரிடும்பொழுது சர்க்கார் முதலாவதாகக் கேட்கும் கேள்வி "எத்தனை பேர்?" என்பதே. அது நியாயமான கேள்விதான். தலைகளின் எண்ணிக்கை தெரிந்தாலன்றி எவ்வளவு அரிசி, எத்தனை கூடாரம், எவ்வளவு தடுப்பு மருந்து வேண்டுமென்று கணக்கிட இயலாது. ஆயினும் அந்த ஒரு கேள்வியோடு நின்றுவிடும் கணக்கு முகாமில் அடுப்பு எரிவதற்கு உதவுமேயன்றி, அம்மக்கள் மீண்டும் ஒரு நிலையான கூரையின் கீழ்க் குடியேறுவதற்கு உதவாது. எந்த ஊரிலிருந்து வந்தனர், எப்பொழுது புறப்பட்டனர், எதனால் புறப்பட்டனர் என்னும் மூன்றும் எழுதப்படாத தாளைக் கொண்டு ஒருவருடைய நிலத்தையோ, வாக்குரிமையையோ, பிள்ளையின் படிப்பையோ மீட்டுத் தர முடியாது. இவ்வுண்மையை நம் நாடு ஒரு காலத்தில் நன்கு அறிந்திருந்தது. பின்னர் மெல்ல மறந்துவிட்டது என்றே கூற வேண்டும்.

1947-ஆம் ஆண்டுப் பிரிவினைக்குப் பின் நடைபெற்ற முதல் மக்கள் தொகைக் கணக்கெடுப்பு 1951 மார்ச் 1-ஆம் தேதி சூரியோதயத்தைக் குறிப்பு நேரமாகக் கொண்டது. அதன் தலைவராக இருந்தவர் ஆர். ஏ. கோபாலசாமி. அப்பொழுது ஒவ்வொருவருக்கும் நிரப்பப்பட்ட சிறு தாளில், பிறந்த இடம் பற்றிய கேள்வியை அடுத்து, இடம்பெயர்ந்தோருக்கென்றே தனிக் கேள்வி ஒன்று வைக்கப்பட்டிருந்தது. இந்தியாவுக்குள் வந்த தேதி, பாகிஸ்தானில் விட்டுவந்த ஜில்லா ஆகிய இரண்டும் அதில் எழுதப்பட வேண்டும். யார் இடம்பெயர்ந்தோர் என்பதற்கு இலக்கணமும் வகுக்கப்பட்டது. கலவரத்தினாலோ, அதன் அச்சத்தினாலோ, இரு நாடுகள் அமைந்ததன் காரணமாகவோ மேற்குப் பாகிஸ்தானிலுள்ள தம் வீட்டை 1947 மார்ச் 1-க்குப் பின்னரும், கிழக்குப் பாகிஸ்தானிலுள்ள வீட்டை 1946 அக்டோபர் 15-க்குப் பின்னரும் விட்டு வந்தவர்களே அவ்வகையினர். காரணம், காலம், இடம் ஆகிய மூன்றும் அந்த ஒரே வாக்கியத்தில் அடங்கியிருப்பதைக் காணலாம். அவ்வாறு எண்ணப்பட்டோர் ஏறத்தாழ 73 லட்சம் பேர். அவர்களுள் சுமார் 47 லட்சம் பேர் மேற்கிலிருந்தும், 25 லட்சத்துக்குச் சற்று மிகுதியானோர் கிழக்கிலிருந்தும் வந்தவர்கள். அதே ஆண்டில் பாகிஸ்தான் எடுத்த கணக்கில் இந்தியாவிலிருந்து சென்றோர் சுமார் 72 லட்சம் எனக் கண்டது.

"அகதி" என்னும் சொல்லைத் தவிர்த்து "இடம்பெயர்ந்தோர்" என்று ஏடுகளில் எழுதப்பட்டதும் கவனிக்கத்தக்கது. அகதி என்பவன் கதி அற்றவன். அச்சொல் ஒருவனுடைய இன்றைய நிலையை மட்டுமே கூறுகிறது. இடம்பெயர்ந்தவன் என்னும்பொழுதோ அவனுக்கு முன்னர் ஓர் இடம் இருந்தது என்பது சொல்லிலேயே நினைவூட்டப்படுகிறது. கணக்கெடுப்போருக்கு வேண்டுவது இரண்டாவது சொல்லே.

1951-ஆம் ஆண்டுக் கணக்கு குறையற்றது என்று கொள்வதற்கில்லை. ஜம்மு-காஷ்மீரத்தில் அவ்வாண்டு கணக்கெடுப்பே நடைபெறாமையால் அங்கே இடம்பெயர்ந்து தங்கியிருந்தவர்கள் அதில் சேரவில்லை. எல்லையைக் கடக்காமல் நாட்டுக்குள்ளேயே விரட்டப்பட்டவர்களுக்கு அந்த இலக்கணத்தில் இடமில்லை. 1947 செப்டம்பரில் டில்லியின் புராணா கிலாவில் தஞ்சம் புகுந்து, பின்னர் எல்லையைக் கடக்காமல் நகருக்குள்ளேயே திரும்பிய முஸ்லிம் குடும்பங்கள் இதற்கு உதாரணம். வழியில் மாண்டோரை எந்தத் தாளும் எண்ணவில்லை. 1931, 1951 ஆகிய இரு கணக்குகளையும் ஜில்லாவாரியாக ஒப்பிட்டு 2008-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, வெளியேறியோர் ஏறத்தாழ 1 கோடியே 79 லட்சம், வந்து சேர்ந்தோர் 1 கோடியே 45 லட்சம் என மதிப்பிட்டது. இடையிலுள்ள 34 லட்சம் பேர் அனைவரும் மாண்டனர் என்று கொள்ளுதல் தவறாகும். மதிப்பீட்டின் பிழையும் அதில் கலந்திருக்கும். ஆனால் புறப்பட்டோரின் கணக்கும் வந்தோரின் கணக்கும் தனித்தனியே இருந்தமையால்தான் அப்படியொரு கேள்வியையேனும் எழுப்ப முடிந்தது.

எண்ணிக்கையை வாழ்க்கையாக மாற்றும் வேலை எவ்வாறு நடைபெற்றது என்பதற்குக் கிழக்குப் பஞ்சாபைப் பார்க்க வேண்டும். 1947 செப்டம்பர் 18-க்கும் அக்டோபர் 29-க்கும் இடைப்பட்ட 42 நாட்களில் மட்டும் 24 நடைக்கூட்டங்களாக, மாட்டு வண்டிகளோடு, சுமார் 8,49,000 பேர் எல்லையைக் கடந்து வந்தனர் என்பது சர்க்கார் வெளியிட்ட கணக்கு. குருக்ஷேத்திரத்தில் 1 லட்சம் பேருக்கெனத் திட்டமிடப்பட்ட முகாமில் அவ்வாண்டு டிசம்பருக்குள் 3 லட்சம் பேர் சேர்ந்துவிட்டனர். பெரும்பாலோர் குடியானவர்கள். மேற்குப் பஞ்சாபில் இந்துக்களும் சீக்கியர்களும் விட்டுவந்த நிலம் ஏறத்தாழ 27 லட்சம் ஹெக்டேர்; கிழக்குப் பஞ்சாபில் முஸ்லிம்கள் விட்டுச்சென்றது 19 லட்சம் ஹெக்டேரே. அதிலும் மேற்கிலிருந்த கால்வாய்ப் பாசன நிலமும் கிழக்கிலிருந்த வானம் பார்த்த பூமியும் ஒன்றாகா. யாருக்கு எவ்வளவு பங்கிடுவது?

1948 மார்ச்சில் விண்ணப்பங்கள் கோரப்பட்டன. ஒரு மாதத்துக்குள் 5 லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் தாம் விட்டுவந்த நிலத்தின் அளவைக் கூறி மனு அளித்தன. கையில் பட்டாவோ கிரயப் பத்திரமோ இல்லாதவர்களே பலர். ஊரை விட்டு ஓடும்பொழுது பெட்டியைத் தேடி எடுப்பவர் யார்? ஆகவே ஒவ்வொரு மனுவும் அதே கிராமத்திலிருந்து வந்தவர்கள் கூடிய சபையில் உரக்கப் படிக்கப்பட்டது. "இவருக்கு இருபது ஏக்கர் இருந்ததா?" என்று அதிகாரி கேட்க, பக்கத்து வயலுக்கு உடையவர் ஆம் என்பார், அல்லது சிரிப்பார். சபையார் ஒப்புக்கொண்டதும், திருத்தியதும், தள்ளியதும் அங்கேயே எழுதப்பட்டன. மிகைப்படுத்திக் கூறியவருக்குரிய நிலம் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. பின்னர் இரு பஞ்சாபுகளும் பரிமாறிக்கொண்ட நிலப் பதிவேடுகளோடும் இவை ஒப்பிடப்பட்டன. புனர்வாழ்வுப் பணிக்குத் தலைமை தாங்கிய தர்லோக் சிங், நிலத்தின் தரத்துக்கேற்ப "நிலையளவு ஏக்கர்" என்றொரு அளவையை வகுத்தார்; 10 அல்லது 11 மணங்கு விளைச்சல் தரக்கூடிய நிலப்பரப்பு அவ்வளவையில் ஓர் ஏக்கராகும். குறைந்த நிலமுடையோருக்குச் சிறு கழிவும், பெருநிலக்காரருக்குப் பெருங் கழிவும் செய்யப்பட்டு, 1949 நவம்பருக்குள் சுமார் 2,50,000 பேருக்கு நிலம் ஒதுக்கப்பட்டது.

இவ்வளவும் இயன்றதற்குக் காரணம் யாது? ஒவ்வொரு குடும்பத்தின் பெயருக்கு எதிரேயும் ஒரு கிராமத்தின் பெயர் எழுதப்பட்டிருந்தது. அந்தக் கிராமத்தின் பெயர் இல்லாதிருந்தால் சபையைக் கூட்டியிருக்க இயலாது. மனுவைச் சரிபார்த்திருக்கவும் இயலாது. எண்ணப்படுவோரே கணக்கைத் திருத்தும் இம்முறை எந்தக் கருவியைக் காட்டிலும் நுட்பமானது.

கிழக்கில் நிலைமை வேறு. மேற்கில் வெள்ளம் ஒரே பருவத்தில் வந்து வடிந்தது; கிழக்கிலோ ஆண்டுக்கணக்காக ஊற்றாய்ச் சுரந்தது. 1950 கலவரம், அவ்வாண்டு ஏப்ரலில் நேரு-லியாகத் உடன்பாடு, 1952 அக்டோபரில் பாஸ்போர்ட்டு முறை, 1964 கலவரம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஏற்றாற்போல் வரத்து கூடியும் குறைந்தும் வந்தது. சிலர் திரும்பினர், திரும்பியவர்களுள் சிலர் மீண்டும் வந்தனர். பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கு இதனைப் பிடிக்க இயலாது. 1961-ஆம் ஆண்டுத் தாளிலோ அந்தத் தனிக் கேள்வியே காணப்படவில்லை.

1971 இதற்கு மிகத் தெளிவான சான்று. அவ்வாண்டுக் கணக்கெடுப்பின் குறிப்பு நாள் ஏப்ரல் 1. கிழக்கு வங்கத்தில் இராணுவ நடவடிக்கை தொடங்கியது அதற்கு ஒரு வாரம் முந்திய மார்ச் 25. அதன்பின் வந்து பதிவு செய்யப்பட்டோர் டிசம்பருக்குள் ஏறத்தாழ 99 லட்சம் பேர். மேற்கு வங்காளத்தில் மட்டும் சுமார் 75 லட்சம். 825 முகாம்களில் 68 லட்சம் பேரும், உறவினர், நண்பர் வீடுகளில் 31 லட்சம் பேரும் தங்கினர். 1972 மார்ச்சுக்குள் பெரும்பாலோர் திரும்பிச் சென்றனர். உலகின் மிகப் பெரிய இடப்பெயர்வுகளுள் ஒன்று இவ்வாறு இரு கணக்கெடுப்புகளுக்கிடையே வந்து சென்றது. எல்லைச் சாவடியில் எழுதப்பட்ட பதிவுச் சீட்டும் முகாமின் பங்கீட்டு அட்டையும் இல்லையெனில் அதனை அறிய வழியே இருந்திராது. உறவினர் வீட்டில் தங்கிய 31 லட்சம் பேரையும் பதிவு செய்தமை அன்றைய சிப்பந்திகளின் பெருஞ் சாதனையாகும். முகாமை மட்டும் எண்ணியிருந்தால் மூன்றில் ஒருவர் விடுபட்டிருப்பார்.

இன்றைய நிலை என்ன? 1981 முதல் கணக்கெடுப்பில் இடம்பெயர்ந்ததற்குரிய காரணம் கேட்கப்படுகிறது. வேலை, கல்வி, திருமணம், குடும்பத்தோடு வருதல் முதலியவற்றுக்கு இடமுண்டு. 1991-இல் இயற்கைச் சீற்றமும் சேர்க்கப்பட்டுப் பின்னர் நீக்கப்பட்டது. கலவரத்துக்கோ எக்காலத்திலும் தனி இடம் அளிக்கப்படவில்லை. வீடு எரிந்ததால் வந்தவரும் "பிற காரணம்" என்னும் கட்டத்தில் அடக்கம். தேசிய மாதிரி ஆய்வின் 2007-08 சுற்றில் கலகம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்குத் தனிக் குறியீடு இருந்தது. ஆனால் மாதிரி ஆய்வு என்பது பரந்த நாட்டில் சில வீடுகளைத் தொட்டுச் செல்வது. ஒரு மலைத்தொடரின் இரு பக்கங்களில் நிகழ்ந்த துன்பம் அதன் வலையில் சிக்குவது அரிது. 1997-இல் மிசோரத்திலிருந்து திரிபுராவுக்கு ஓடிவந்த புரூ மக்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் முகாம்களில் வாழ்ந்தனர். இவர்களுள் மிசோரத்தின் மெய்யான குடிகள் யார் என்னும் வாதமே ஆண்டுகளை விழுங்கியது. 2018-இல் 5,407 குடும்பங்கள், 32,876 பேர் என உறுதி செய்யப்பட்டு, 2020 ஜனவரியில் அவர்களைத் திரிபுராவிலேயே குடியமர்த்த உடன்பாடாயிற்று. புறப்பட்டு வந்த வாரத்திலேயே ஊரும் தேதியும் ஊரார் முன்னிலையில் எழுதப்பட்டிருப்பின், அவ்வாதம் அத்தனை ஆண்டுகள் நீடித்திராது.

வானிலிருந்து எடுக்கும் படங்களையும் கைப்பேசிப் பதிவுகளையும் கொண்டு இடப்பெயர்வைக் கணிக்கலாம் என்று இப்பொழுது கூறப்படுகிறது. புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் செயற்கைக்கோள் கூரைகளை எண்ணுமேயன்றிக் கூரையின் கீழுள்ள மனிதரை எண்ணாது. கைப்பேசி இல்லாத கிழவியும் குழந்தையும் அந்தக் கணக்கில் இல்லை. கலவரக் காலத்தில் தொடர்பே துண்டிக்கப்படுவதும் உண்டு. 2023 மே மாதம் மணிப்பூரில் வன்முறை மூண்டு பல்லாயிரம் பேர் வீடிழந்தபொழுது கைப்பேசி இணையம் நிறுத்தப்பட்டது நினைவிருக்கும்.

பெயர்ப் பட்டியலில் ஓர் அபாயமும் உண்டு. பிரிவினையில் கடத்தப்பட்ட பெண்களைத் தேடி மீட்பதற்கென 1949-இல் சட்டம் இயற்றப்பட்டது. இரு நாடுகளிலுமாக ஏறத்தாழ 30,000 பெண்கள் மீட்கப்பட்டனர். மீட்சியை விரும்பியோர் பலர். ஆனால் புதிய இடத்தில் வேரூன்றித் தாயாகிவிட்ட பெண்ணும் அப்பட்டியலில் இருந்தாள். அவளுடைய சம்மதத்தை அச்சட்டம் கோரவில்லை. இன்னொன்று: 1951-ஆம் ஆண்டுக் கணக்குத் தாள்களிலிருந்து குடிமக்கள் பதிவேடு ஒன்று எழுதப்பட்டது. அறுபது ஆண்டுகளுக்குப் பின் அஸ்ஸாமில் அதே ஏடு குடியுரிமையை மெய்ப்பிக்கும் சான்றுகளுள் ஒன்றாயிற்று. 2019 ஆகஸ்டில் வெளியான இறுதிப் பட்டியலில் 19 லட்சத்துக்கு மேற்பட்டோர் இடம்பெறவில்லை. அன்று அவசரத்தில் ஒரு பெயரைத் தவறாக எழுதிய எழுத்தர் இவ்விளைவைக் கனவிலும் கருதியிருக்க மாட்டார். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு கணக்குத் தாள்களைப் பிறர் பார்வையிடுவதையும் வழக்கில் சாட்சியமாகக் கொள்வதையும் தடுக்கிறது. அக்காப்பு இடம்பெயர்ந்தோர் கணக்குக்கும் பொருந்த வேண்டும். நிவாரணத்துக்கான பெயர்ப் பட்டியல் வேறு, புள்ளி விவரத்துக்கான தாள் வேறு. இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதும் வழக்கம் விடப்பட வேண்டும்.

அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாகக் கொண்டது என 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டது. வழக்கம்போல் அதனைச் செய்து முடிக்கப்போகிறவர்களுள் பெரும்பகுதியினர் ஆசிரியர்களே. கலவரத்தால் இடம்பெயர்தல் என்பதற்குத் தாளில் ஒரு குறியீடு சேர்ப்பது பெருஞ் செலவன்று. மேலிடம் இதனைக் கருதுதல் தகும். எனினும் அதற்காகக் காத்திராமல் பள்ளியிலேயே செய்யத்தக்கது ஒன்றுண்டு. இடம்பெயர்ந்த குடும்பத்தின் பிள்ளை மாற்றுச் சான்றிதழின்றியே வரும். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அதனைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கலாகாது. அவ்வாறு வரும் பிள்ளைக்கு முன்பு படித்த பள்ளி என்னுமிடத்தில் கோடு போட்டுவிடாமல், விட்டுவந்த கிராமத்தின் பெயரைப் பெற்றோர் உச்சரிக்கும் வண்ணமே எழுதி, வந்த தேதியையும் குறிக்க வேண்டும். வந்த காரணத்தை அங்கே எழுதலாகாது. அந்த ஏட்டை யாரும் புரட்டக்கூடும். பிள்ளை வேறு பள்ளிக்குச் செல்லும்பொழுது சென்ற தேதியையும் புதிய பள்ளியின் பெயரையும் மறவாமல் சேர்த்துவிட்டால், அடுத்த வட்டத்துக் களப்பணியாளர் அதே குடும்பத்தை இரண்டாம் முறை எண்ண நேராது.