பாட்டன் யார் என்று கேட்பவர்களுக்கு

ஓய்வூதியர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி மறுபடியும் வந்துவிட்டது. ஹிட்லரின் பாட்டனே ஒரு யூதராம். அந்த அவமானத்தை மறைக்கத்தான் யூதர்களைக் கொன்றாராம். கீழே வரிசையாகக் கைதட்டும் பொம்மைகள். ஒரு நண்பர், "விதை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும்?" என்று பழமொழி வேறு எழுதியிருக்கிறார். எல்லோரும் என்னைப் போல அரசாங்கத்தில் கோப்புப் பார்த்தவர்கள். அதனால்தான் கோபம் வருகிறது. கோப்பைப் பார்க்காமலே குறிப்பு எழுதலாமா?

கோப்பு இதுதான். ஆஸ்திரியாவில் ஸ்ட்ரோனஸ் என்ற குக்கிராமம். அங்கே 1837-இல் மரியா அன்னா ஷிக்கல்குருபர் என்ற மணமாகாத பெண்ணுக்கு நாற்பது வயதுக்கு மேல் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெயர் அலோய்ஸ். டோலர்ஸ்ஹைம் கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் தகப்பன் பெயருக்கான இடத்தைக் காலியாக விட்டார்கள். ஐந்து வருடம் கழித்து அவர் யோஹான் கேயோர்க் ஹீட்லர் என்பவரை மணந்தார். அப்போதும் அந்தக் காலி இடத்தை யாரும் நிரப்பவில்லை. 1847-இல் அவர் இறந்தார், 1857-இல் கணவரும் இறந்தார். பையனை வளர்த்தது கணவரின் தம்பி யோஹான் நெப்போமுக்.

1876-இல் அலோய்ஸுக்கு 39 வயது, சுங்க இலாகாவில் நல்ல உத்தியோகம். அந்த வருடம் நெப்போமுக் மூன்று சாட்சிகளோடு நோட்டரியிடம் போய், செத்துப்போன தன் அண்ணன்தான் தகப்பன் என்று எழுதி வைத்தார். பாதிரியாரும் பழைய பதிவேட்டை எடுத்து, முறைகேடான பிறப்பு என்று இருந்ததை முறையான பிறப்பு என்று திருத்தி, தகப்பன் பெயரை ஹிட்லர் என்று சேர்த்தார். சாட்சிகள் கையெழுத்துத் தெரியாதவர்கள், கீறல் போட்டார்கள். தாய் இறந்து 29 வருடம், தகப்பன் என்று சொல்லப்பட்டவர் இறந்து 19 வருடம். பிறப்பு இறப்புப் பிரிவில் நெடுநாள் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இப்படி ஒரு திருத்தத்துக்கு நான் முத்திரை குத்தியிருக்க மாட்டேன்.

உண்மையான தகப்பன் அண்ணனா, தம்பியா என்று சரித்திரக்காரர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். தம்பி என்றால் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அலோய்ஸ் 1885-இல் மூன்றாம் தாரமாக மணந்த கிளாராவுக்கு அந்த நெப்போமுக்தான் தாய்வழிப் பாட்டன். காகிதத்தின்படியே உறவு நெருக்கம் என்பதால் ரோமிலிருந்து விலக்கு வாங்கித்தான் கல்யாணம் நடந்தது. நான்கு வருடம் கழித்து அடோல்ஃப் பிறந்தான்.

இதில் யூதர் எங்கே வந்தார்? போலந்தில் ஹிட்லரின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஹன்ஸ் ஃபிராங்க், 1946-இல் நூரம்பெர்க் சிறையில் தூக்குக்குக் காத்திருந்தபோது எழுதிய நினைவுக் குறிப்பில் வந்தார். மரியா அன்னா கிராஸ் நகரத்தில் ஒரு யூதக் குடும்பத்தில் சமையல்காரியாக இருந்தார் என்பது அவர் சொன்ன கதை. அப்படியொரு யூதக் குடும்பம் அப்போது கிராஸில் இருந்ததற்கோ, அவர் அங்கே வேலை பார்த்ததற்கோ ஆவணம் கிடைக்கவில்லை. இத்தனை யூதர்களின் சாவுக்குப் பொறுப்பான ஓர் ஆள், கடைசியில் பழியை ஒரு யூதர் தலையிலேயே கட்டிவிட்டுப் போகிறான். அதை நாம் ஃபார்வர்டு செய்கிறோம்!

வதந்தி பொய் என்பதோடு விட்டிருப்பேன். மெய்யாகவே இருந்தால்தான் என்ன என்று கேட்கிறேன். பாட்டன் இரத்தம் பேரனை ஆக்குகிறது என்பது யாருடைய சித்தாந்தம்? அவனுடையதுதானே! 1933 ஏப்ரல் 7-இல் அரசு ஊழியர் சட்டம் போட்டார்கள். நான்கே நாளில் வந்த விதிமுறை, பாட்டன் பாட்டி நால்வரில் ஒருவர் யூதர் என்றாலும் வேலை போகும் என்றது. முதல் உலகப் போரில் முனையில் நின்றவர்களுக்குக் கொஞ்ச காலம் சலுகை இருந்தது, அவ்வளவுதான். பிறகு ஆரியச் சான்று என்று ஏழு பிறப்பு அல்லது ஞானஸ்நானப் பத்திரம், மூன்று கல்யாணப் பத்திரம் கேட்டார்கள். ஊர் ஊராகக் கோயில் பதிவேடுகளைப் புரட்டினார்கள். இத்தனையும் கேட்ட தலைவனின் சொந்தப் பாட்டன், மூன்று கீறல்களின் பேரில் எழுதப்பட்ட பாட்டன்.

அந்தப் பத்திரங்களைச் சரிபார்த்தது யார்? பேய் பிசாசு இல்லை. நம்மைப் போன்ற குமாஸ்தாக்கள். காலையில் வந்து, குடையை மாட்டிவிட்டு, பேனாவில் மை ஊற்றி, பக்கத்து மேசைக்காரரின் பாட்டி பெயரைத் தேடினார்கள். பிரான்சிலும் 1940 அக்டோபரில் விஷி அரசாங்கம் பாட்டன்மார் கணக்கெடுத்துத்தான் யூத ஊழியர்களை வெளியேற்றியது. திறமையும் ஒழுக்கமும் இருந்தால் எந்தப் பொதுப் பதவிக்கும் வரலாம் என்று 1789 மனித உரிமைப் பிரகடனத்தின் ஆறாவது பிரிவில் எழுதிவைத்த நாடு அது! பிரெஞ்சுப் பள்ளியில் எங்களை அதை நெட்டுருப் போட வைத்தார்கள். புதுச்சேரி ஒரு மாதம் முன்னமே, செப்டம்பரில், தெகோல் பக்கம் போய்விட்டது என்பதில் எனக்கு இன்றும் சந்தோஷம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தகப்பன் பெயர் இல்லாத பத்திரத்தோடு வந்து, கவுண்டரில் தலை குனிந்து நின்ற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். "இந்த மாதிரிப் பிள்ளைகள்தான் பிற்பாடு…" என்று பின்னால் முணுமுணுப்பதையும் கேட்டிருக்கிறேன். அலோய்ஸ் அந்த மாதிரிப் பிள்ளைதான். திருத்தத்துக்கு முன்பே, தாய் பெயரை வைத்துக்கொண்டே, பழைய ஆஸ்திரிய அரசாங்கத்தில் படிப்படியாக உயர்ந்தவர். வீட்டில் கடுமையான மனிதர், பிள்ளைகளை அடிப்பார். ஆனால் அப்படி அடித்த, முறையாகப் பிறந்த தகப்பன்மார் அந்தக் காலத்தில் தெருவுக்குத் தெரு இருந்தார்கள்.

குழு நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆராய ஆசை இருந்தால் 1837-ஐ விட்டுவிட்டு 1933-க்கு வாருங்கள். ஜனவரி 30-இல் அந்த ஆளைப் பிரதமராக நியமித்தவர் ஹிண்டன்பர்க், பழைய பிரபு வம்சம், பரம்பரைப் பட்டியல் சுத்தம். மார்ச் 23-இல் நாடாளுமன்றம் தன் அதிகாரத்தை எழுதிக் கொடுத்தபோது எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் 94 பேர், அத்தனை பேரும் சமூக ஜனநாயகக் கட்சியினர். கம்யூனிஸ்டுகளை உள்ளேயே விடவில்லை. அந்த 94 பேரின் பாட்டன் யார் என்று இதுவரை யாரும் எனக்கு ஃபார்வர்டு அனுப்பவில்லை.