கைக்குழந்தையை எங்கே விடுவது? கடலூர், சிதம்பரம் தாய்மார்கள் கேள்வி

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் கூலி வேலைக்குப் போகும் தாய்க்குலத்துக்கு விடிந்தால் ஒரே கவலை. "புள்ளைய யாருகிட்ட விட்டுட்டுப் போறது?" என்பதுதான் அது.

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் பொழுது விடியுமுன்பே மீன் வியாபாரம் களை கட்டிவிடும். தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், சிங்காரத்தோப்புப் பெண்கள் அந்நேரத்திலேயே கூடையைத் தூக்கியாக வேண்டும். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை. காட்டுமன்னார்கோவில் பக்கம் வீராணம் தண்ணீர் வந்துவிட்டால் நடவு வேலை. நகரத்துக்குள் சித்தாள் வேலை. எந்த வேலையானாலும் கைக்குழந்தைக்காகக் காத்திருக்காது.

மாமியாரோ பாட்டியோ வீட்டில் இருந்தால் பிழைத்தார்கள். இல்லாவிட்டால்?

அக்கா படிப்புக்கு ஆபத்து

இல்லாவிட்டால் வீட்டில் மூத்த பெண்தான் ஆயா. அவளுக்கே பத்து வயது, பன்னிரண்டு வயது. தம்பியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டால் பள்ளிக்கூடம் எப்படிப் போவாள்? முதலில் வாரத்துக்கு ஒரு நாள் மட்டம். அப்புறம் இரண்டு நாள். கடைசியில் படிப்புக்கே முழுக்கு. ஒரு குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை என்பதால் இரண்டு குழந்தைகளின் வாழ்க்கை பாழாகிறது.

"அதான் அங்கன்வாடி இருக்கே?" என்று கேட்கலாம்.

இருக்கிறது. தமிழ்நாட்டில் சுமார் 54 ஆயிரம் மையங்கள் இருக்கின்றன. அது வந்த கதையும் சாமானியமானதல்ல. மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு 1972ல் கொடுத்த அறிக்கை வழி காட்டியது. 1975 அக்டோபர் 2ந் தேதி, நாட்டில் 33 இடங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. 1982 ஜூலை 1ந் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை ஆரம்பித்தார். பால்வாடிப் பிள்ளைகளுக்கும் சுடச்சுட மதியச் சோறு கிடைத்தது.

மணியும் வயதும்

அப்படியானால் கோளாறு எங்கே? இரண்டே இடத்தில்.

ஒன்று, நேரம். அம்மா கூடையைத் தூக்கும்போது அங்கன்வாடி திறந்திருக்காது. அவள் திரும்பும் முன்பே, மாலை 4 மணிக்குள் பூட்டிவிடும்.

இரண்டு, வயது. 2 வயது ஆகாத பிள்ளைக்குச் சத்துமாவு கிடைக்கும். நாள் முழுக்க வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு திட்டத்தில் 18 ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள உதவி உண்டு. நல்ல உதவிதான். ஆனால் 6 மாதம் ஆனதும் தாய் வேலைக்குப் போயாக வேண்டும். அப்போதிருந்து 2 வயது வரை உள்ள ஒன்றரை வருஷத்துக்கு யார் பொறுப்பு?

சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 1948ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம், 30 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 2017ல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தியபோது, 50 பேர் வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும் என்றார்கள். மீன் விற்கும் அம்மாவுக்கு முதலாளியே கிடையாதே, யாரிடம் போய்க் காப்பகம் கேட்பாள்? சட்டம் கம்பெனி வாசலோடு நின்றுவிட்டது.

மற்ற ஊரில் நடக்கிறதே!

முடியாத காரியம் என்று தட்டிக் கழிக்க இடமில்லை. டெல்லியில் கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே தொட்டில் கட்டி, 1969ல் 'மொபைல் கிரஷ்' ஆரம்பித்தார் மீரா மகாதேவன். குஜராத்தில் 'சேவா' பெண்கள் சங்கம், புகையிலை வேலைக்குப் போகும் தாய்மாருக்காகக் காப்பகம் நடத்தியது. தாய்மார் வேலைக்குப் போகும் நேரம்தான் காப்பகம் திறக்கும் நேரம். 100 நாள் வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளுக்காக, 4 ஆயிரம் கிராமப் பஞ்சாயத்துகளில் காப்பகம் திறப்பதாகக் கர்நாடக அரசு 2023ல் அறிவித்தது.

மத்திய அரசும் 2022ல் 'பால்னா' என்ற திட்டம் கொண்டுவந்தது. பால்னா என்றால் தொட்டில். அங்கன்வாடியிலேயே 6 மாதக் குழந்தையிலிருந்து பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. நாடு முழுவதும் 17 ஆயிரம் மையம் என்று இலக்கு வைத்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 54 ஆயிரம் அங்கன்வாடி இருக்கும்போது, இந்தக் கணக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி!

ஆயாவின் சம்பளமும் முக்கியம்

இன்னொரு விஷயத்தையும் மறக்கக்கூடாது. இடம் திறந்தால் மட்டும் போதாது, பார்த்துக்கொள்கிற கை வேண்டும். கைக்குழந்தைக்குத் துணி மாற்ற வேண்டும், பால் புகட்ட வேண்டும், தூங்க வைக்க வேண்டும். ஏற்கெனவே சமையல், எடை பார்ப்பது, கணக்கு எழுதுவது என்று ஓடும் ஊழியரும் உதவியாளரும் தலையில் இதையும் கட்டினால் காப்பகம் பேருக்குத்தான் நடக்கும். அங்கன்வாடி ஊழியருக்குப் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பு வாங்குவதற்கே 2022 ஏப்ரல் வரை சுப்ரீம் கோர்ட்டில் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. வயிறு காய்கிற ஆயா, ஊரார் பிள்ளையை எத்தனை நாள் சிரித்த முகத்தோடு தூக்குவாள்? தாய்க்குக் கட்டணம் இருக்கக்கூடாது. அதற்காக ஆயாவின் சம்பளத்தில் கை வைக்கவும் கூடாது. அந்தச் செலவு அரசாங்கத்துடையது.

கேட்க வழி உண்டு

2006 டிசம்பர் 13ந் தேதி சுப்ரீம் கோர்ட் ஓர் உத்தரவு போட்டது. ஒரு குடியிருப்பில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகள் 40 பேர் இருந்து, அங்கன்வாடி இல்லை என்றால், மக்கள் கேட்ட 3 மாதத்துக்குள் திறக்க வேண்டும். குப்பத்துக்கும் குடிசைப் பகுதிக்கும் பொருந்தும் உத்தரவு இது. இதில் கவனிக்க வேண்டிய சொல், 'கேட்டால்' என்பது.

கிராமசபை வருஷத்துக்கு 6 தடவை கூடுகிறது. கிள்ளையானாலும் புவனகிரியானாலும், எந்தத் தெருவில் எத்தனை கைக்குழந்தை, தாய் எத்தனை மணிக்குக் கிளம்புகிறாள், எத்தனை மணிக்குத் திரும்புகிறாள் என்று ஒரு நோட்டில் எழுதி, உள்ளூர் மன்றத்திலும் கவுன்சிலரிடமும் கொடுக்கலாம். கேட்பது மூன்றே மூன்று: தாயின் வேலை நேரத்துக்கு அங்கன்வாடி, 6 மாதத்திலிருந்து சேர்க்கை, அதற்குத் தனி ஆயா.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். கைக்குழந்தை அழலாம், மனு எழுதாது. அதை அம்மாக்கள்தான் எழுத வேண்டும். எழுதி நீட்டினால் "அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லாமல் அதிகாரிகள் வாங்கிப் படிக்க வேண்டும். இடுப்பில் தம்பியோடு தெருவில் நிற்கும் அக்காவுக்கு இந்த வருஷப் படிப்பு போனால் போனதுதான்.