பழைய காரும் தண்காற்றும்

இங்கிலாந்து நாட்டு அபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை இயற்றப்பெற்ற எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் காரின் அழகைப் புகழ்வார் பலர். அதன் எஞ்சின் மூச்சுவிட இடர்ப்படுதலை உணர்வார் சிலரே. காற்றை ஏற்கும் கார்புரேட்டர்களும் புகையைக் கழிக்கும் குழாய்களும் ஒரே பக்கத்தில் அமைந்தமையின், அது மூடியினுள் சூடேறிய காற்றையே உட்கொள்ளுகின்றது. 30 பாகை சென்டிகிரேட் வெப்பமுள்ள காற்று 60 பாகையாகச் சூடேறின், அதன் அடர்த்தி நூற்றுக்கு ஏறத்தாழ 9 பங்கு குறையும். எஞ்சினின் ஆற்றலும் உடன் குறையும்.

இதற்கு மருந்தென்று எஞ்சின் மூடியைத் துளைப்பாருமுளர். அது பழம்பொருளைச் சிதைத்தலேயாம். முகப்பிலிருந்து காற்று வடிகட்டிக்கு ஒரு குழாய் இட்டு, வெப்பந் தடுக்கும் தகட்டைச் செப்பமுற நிறுத்தினாற் போதும். குழாயை வேண்டாதபோது கழற்றலாம். வெட்டிய மூடியோ மீளாது. ஈரமிக்க குளிர்காலத்துக் கார்புரேட்டரில் பனி உறைதலும் உண்டாதலின், அக்காலத்து அக்குழாயை அடைத்தல் நன்று. முன்னோர் கைவண்ணத்தைக் காத்தே அதன் குறை தீர்த்தல் அறிவுடையார் கடனன்றோ?