கடை, வெளி, வீடு



நம் சங்கத்தைச் சேர்ந்த மூத்த வணிகர் ஒருவர் காலமானால் கடையடைத்து அஞ்சலி செலுத்துகிறோம். படத்திறப்பு நடத்துகிறோம். ஒலிபெருக்கி முன் நிற்பவர்கள் பெரும்பாலும் ஒன்றையே சொல்கிறோம். தராசு ஒன்று, நான்கு மூட்டைச் சரக்கு என்று தொடங்கினார், மொத்த வியாபாரியாக உயர்ந்தார், கொடுத்த வாக்குத் தவறாதவர் என்கிறோம். இவை அனைத்தும் உண்மையே. ஆனால் ஒரு மனிதரின் வாழ்வில் இது மூன்றில் ஒரு பங்குதான். கடைக்கு வெளியே அவர் எதைத் தேடிப் போனார், வீட்டில் எப்படி வாழ்ந்தார் என்ற இரண்டு பங்கையும் நாம் பேசாமலே கலைந்து விடுகிறோம். வணிகரின் வாழ்க்கை கடை, வெளி, வீடு ஆகிய மூன்றும் சேர்ந்தது என்பதே நம் கருத்து. அதை விளக்க நம் வட்டாரத்து முன்னோடி ஒருவரின் வாழ்க்கையை இங்கே நினைவுகூர விரும்புகிறோம்.

சிவகாசி பி. அய்ய நாடார் அவர்களின் பெயரை அறியாத வணிகர் இப்பகுதியில் இருக்க முடியாது. 1922-ஆம் ஆண்டு அவரும் அவருடைய உறவினரான அ. சண்முக நாடார் அவர்களும் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். இருவரும் இளவயதினர். வானம் பார்த்த கரிசல் பூமி இது. மழை பொய்த்தால் கம்பும் இல்லை, பருத்தியும் இல்லை. விளைச்சலை நம்பிய வியாபாரமும் அப்படியே. வேறு தொழில் வேண்டும் என்று தேடியவர்கள், தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுவர அத்தனை தூரம் போனார்கள். மாதக்கணக்கில் அங்கேயே தங்கித் தொழிலைக் கற்றார்கள். ஊர் திரும்பி 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள்.

அதே 1923-இல்தான் சுவீடன் நாட்டுக் குழுமம் விம்கோ நிறுவனத்தை இந்தியாவில் நிறுவியது. அவர்களிடம் இயந்திரமும் பெருமுதலும் இருந்தன. நம்மவர்களோ வேலையைக் கைத்தொழிலாகப் பிரித்தார்கள். குச்சி அடுக்குவது ஒருவர், மருந்து முக்குவது ஒருவர், பெட்டி ஒட்டுவது ஒருவர் என்று ஆக்கினார்கள். பெட்டி ஒட்டும் வேலை வீட்டுத் திண்ணைகளுக்கே வந்து சேர்ந்தது. வறண்ட காற்றும் வெயிலும் விவசாயிக்குச் சாபம் என்றால், குச்சியும் மருந்தும் காய்வதற்கு அவையே வரமாயின. பின்னாளில் சிறு உற்பத்தியாளருக்குக் கிடைத்த கலால் சலுகையும் கைகொடுத்தது. 1940-இல் வெடிமருந்து விதிகள் வந்து, உரிமம் பெற்றுப் பட்டாசு செய்யும் முறை ஏற்பட்டபோது, மருந்தைக் கையாளத் தெரிந்த கைகள் இங்கே ஏற்கெனவே இருந்தன. லேபிள் தேவைப்பட்டதால் அச்சுத் தொழிலும் வளர்ந்தது.

நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கற்றுவந்த தொழில் ஒரு குடும்பத்தின் பெட்டகத்தில் பூட்டிக் கிடக்கவில்லை. வேலை பார்த்தவர்கள் பழகிக்கொண்டு தாமே தனியாகத் தொழில் வைத்தார்கள். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று அது பரவிற்று. ஏழாயிரம்பண்ணையிலும் சுற்றுக் கிராமங்களிலும் 'தீப்பெட்டி ஆபீஸ்' என்ற சொல் வழக்கில் வந்தது அப்படித்தான். அந்த ஆபீஸ்களின் வாரச் சம்பளத்தை நம்பித்தான் நம் மளிகைக் கடைகளின் பற்று வரவே நடந்தது. நம் கல்லாவில் விழுந்த காசில் அந்தக் கல்கத்தாப் பயணத்துக்கும் பங்குண்டு என்றால் மிகையாகாது.

இதுதான் 'வெளி' என்று நாம் சொல்வது. கல்லாவிலேயே உட்கார்ந்திருந்தால் இந்தத் தொழில் வந்திராது. காலாற நடந்து, கண்ணாரப் பார்த்து, கேட்டுத் தெரிந்துகொண்டவர்களால்தான் வந்தது. தூரப் பயணம் மட்டுமே வெளி என்று நாம் சொல்லவில்லை. நம் முந்தைய தலைமுறையினர் பலர் விடியற்காலையில் கரிசல் காட்டில் நடந்து, கண்மாயில் நீர் எவ்வளவு, காட்டில் பயிர் எப்படி என்று பார்த்துவிட்டே கடை திறந்தார்கள். அது உடம்புக்கும் நல்லது, கொள்முதலுக்கும் நல்லது. பக்கத்து ஊரான சிப்பிப்பாறையின் பெயரைத் தாங்கிய வேட்டை நாய் இன்று நாடெங்கும் அறியப்பட்டிருக்கிறது. நாயோடு காடு சுற்றிய மனிதர்கள் வாழ்ந்த பூமி இது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு முயல் வேட்டை கூடாது. நடப்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

அடுத்து வீடு. 1963-இல் சிவகாசியில் தொடங்கப்பட்ட கல்லூரியின் பெயர் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி. கணவர் பெயரோடு மனைவியின் பெயரும் சேர்ந்தே அந்த வாயிலில் நிற்கிறது. நம் கடைப் பெயர்ப்பலகைகளை ஒருமுறை பாருங்கள். தாத்தா பெயர் இருக்கும், 'அன் சன்ஸ்' இருக்கும். பொட்டலம் மடித்துக் கொடுத்து, சாப்பாட்டுக்குக் கடையடைக்காமல் கல்லாவைப் பார்த்துக்கொண்டு, தவணைக்குத் தாலிக்கொடியைக் கழற்றித் தந்த பெண்ணின் பெயர் எத்தனை பலகையில் இருக்கிறது?

முன்னோடிகளின் புகழை மட்டும் பாடி நிறுத்துவது அஞ்சலி ஆகாது. இத்தொழிலில் வெகுகாலம் சிறுவர்கள் வேலை செய்தார்கள். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சிவகாசிச் சிறுவர் உழைப்பு குறித்துத் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தும், 2021 பிப்ரவரி 12 அன்று நமக்கு அருகில் அச்சன்குளத்தில் நேர்ந்ததும் மறக்கக் கூடியவை அல்ல. மாண்டவர்கள் நம்மைப் போன்ற கடைகளில் அரிசியும் பருப்பும் வாங்கியவர்கள். குடும்பப் பாசம் உள்ளவர் என்று ஒருவரைப் புகழ்வதானால், அந்தப் பாசம் தம் வீட்டு வாசற்படியோடு நின்றதா, தம்மை நம்பிப் பிழைத்தவர் வீடுகள் வரை போனதா என்றும் பார்க்க வேண்டும். விபத்தில் ஆளை இழந்த வீட்டின் பற்று நோட்டை உடனே நீட்டாமல் பொறுத்திருக்கும் மளிகைக்காரர், கல்லூரி கட்டாவிட்டாலும் அந்த வரிசையில் சேர்ந்தவரே.

இனி நம் நிலைமைக்கு வருவோம். காலை ஆறு மணிக்குக் கடை திறந்து இரவு பத்துக்கு அடைக்கிறோம். பிள்ளைகள் எழுவதற்கு முன் போகிறோம், தூங்கிய பின் வருகிறோம். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உட்கார்ந்தே வாங்கிக்கொண்ட சரக்குகள். அப்பாவைக் கல்லாவுக்குப் பின்னால் மட்டுமே பார்த்து வளர்ந்த பையன், 'இந்தப் பிழைப்பு எனக்கு வேண்டாம்' என்று சொன்னால் அவன் மீது குற்றமில்லை. பல்பொருள் அங்காடிகளும் வீட்டுக்கே பொருள் அனுப்பும் நிறுவனங்களும் போட்டிக்கு வந்துவிட்டன, ஒரு நாள் அடைத்தால் வாடிக்கை போய்விடும் என்ற அச்சம் நமக்கும் தெரியும். ஆனால் கடையை எடுத்து நடத்த ஆள் இல்லாமல் போனால், காப்பாற்றிய வாடிக்கை யாருக்கு?

ஆகவே நாம் நான்கு செய்திகளைச் சங்கத்தின் முன் வைக்கிறோம்.

முதலாவது, வார விடுமுறை. 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டமே வாரத்தில் ஒரு நாள் கடை அடைப்பைச் சொல்கிறது. ஊர்க் கடைகள் எல்லாம் கூடிப் பேசி ஒரே நாளில் அடைத்தால் யாருக்கும் நட்டமில்லை.

இரண்டாவது, அந்த நாளில் குடும்பத்தோடு வெளியே போவோம். வெம்பக்கோட்டையை அடுத்த விஜயகரிசல்குளத்தில் 2022 முதல் அரசு தொல்லியல் துறை அகழாய்வு செய்து, சங்கு வளையல்களும் கண்ணாடி மணிகளும் கண்டெடுத்திருக்கிறது. கரிசலில் பழங்காலத்திலேயே வணிகம் நடந்ததைப் பிள்ளைகள் கண்ணால் காணட்டும். மேற்கே 2021-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மலை இருக்கிறது. அடிவாரம் வரை போய் வந்தாலும் மனம் குளிரும்.

மூன்றாவது, கொள்முதலுக்குப் போகும்போது பிள்ளையை, பெண்ணாயினும் ஆணாயினும், உடன் அழைத்துப் போங்கள். விருதுநகர் மொத்தக் கடையில் பருப்பைக் கையில் அள்ளித் தரம் பார்ப்பது எப்படி என்று பேரேடு சொல்லித் தராது.

நான்காவது, இனி நம் இரங்கல் தீர்மானங்களில் மறைந்தவரின் சொத்துக்கு முன்பாக மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுவோம். அவர் யாருக்குத் தொழில் கற்றுக் கொடுத்தார்? கடையை விட்டு வெளியே எதை விரும்பினார்? அவரோடு சேர்ந்து உழைத்த மனைவியின் பெயர் என்ன?

இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதக்கூடிய வாழ்க்கையை நாம் உயிரோடு இருக்கும்போதே வாழ்ந்து வைக்க வேண்டும். வருகிற மாதாந்தரக் கூட்டத்தில் வார விடுமுறை குறித்து உறுப்பினர்கள் அனைவரும் தவறாமல் வந்து கருத்துச் சொல்ல வேண்டுகிறோம்.