வாடகைக் கருப்பை வயதைக் குறைக்காது

போட்டிகளில் பெயரெடுத்த பெட்டைக் குதிரை ஓய்வுபெறும்போது, இனி குட்டி போடட்டும் என்று உரிமையாளர் முடிவெடுப்பது உலகெங்கும் ஊறிப்போன வழக்கம். பந்தயக் குதிரைகளுக்கு இதில் பெரிய சிக்கல் இல்லை. பெரும்பாலானவை நான்கைந்து வயதிலேயே ஓட்டத்தை முடித்துக்கொண்டு பண்ணைக்குப் போய்விடுகின்றன. தடைதாண்டும் குதிரைகளின் கதை வேறு. அவை முழுத் திறமைக்கு வருவதே பத்து வயதை ஒட்டித்தான்; பதினைந்து, பதினாறு வயது வரை களத்தில் நிற்பவை உண்டு. அதன்பின் பண்ணைக்கு வந்து, இரண்டு மூன்று பருவம் முயன்றும் சினை நிற்காவிட்டால் பழி கருப்பையின் மேல் விழுகிறது. கருப்பைதான் பழுது என்றால் வாடகைத்தாய்க் குதிரை இருக்கவே இருக்கிறது என்பது அடுத்த யோசனை. இந்த யோசனையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. குதிரையோடு சேர்ந்து அதன் கருமுட்டைக்கும் வயதாகிறது. வேறொரு குதிரையின் கருப்பை எவ்வளவு இளமையானதாக இருந்தாலும் அதை ஈடுசெய்ய முடியாது. ஆகவே குட்டி வேண்டுமா என்ற கேள்வியை ஓய்வுக்குப் பிறகு கேட்பது காலம் கடந்த கேள்வி. குதிரை களத்தில் இருக்கும்போதே அதற்கு விடை கண்டாக வேண்டும்.

பெட்டைக் குதிரை தன் ஆயுளுக்கான முட்டைகள் அனைத்தையும் சுமந்துகொண்டுதான் பிறக்கிறது. பிறகு புதிதாக ஒன்றும் உருவாவதில்லை. இருபது வயதுக் குதிரை இந்தப் பருவத்தில் வெளியிடும் முட்டை, இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாதி வளர்ச்சியில் காத்துக்கிடந்த முட்டை. இந்தக் காத்திருப்புக்கு என்ன விலை என்பதை 1995இல் எலைன் கார்னிவேலும் ஒலிவர் ஜின்தரும் வெளியிட்ட ஆய்வு எளிமையாகக் காட்டியது. ஆறு முதல் பத்து வயதுக் குதிரைகளிடமிருந்தும் இருபது வயதைத் தாண்டிய குதிரைகளிடமிருந்தும் முட்டைகளை எடுத்து, இரண்டு வகையையும் இளம் குதிரைகளின் கருக்குழாயில் வைத்தார்கள். இளம் முட்டைகளில் 92 சதவீதம் கருவாயின; முதிய முட்டைகளில் 31 சதவீதம் மட்டுமே. இரண்டுக்கும் கிடைத்தது இளம் கருப்பைதான். அப்படியானால் வேறுபாடு எங்கிருந்து வந்தது? முட்டையைத் தவிர வேறு எதைக் கைகாட்ட முடியும்? அதற்கு முன்பே, 1980களில், அமெரிக்க ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கவனித்திருந்தார்கள். முதிய குதிரைகளிலும் முட்டை கருவுறுவது ஏறக்குறைய இளம் குதிரைகளைப் போலவே நடக்கிறது. ஆனால் அந்தக் கருக்களில் பல, 14ஆம் நாள் ஸ்கேனில் கண்ணுக்குத் தெரியும் முன்பே அழிந்துவிடுகின்றன. பண்ணையில் இதை ‘சினை நிற்கவில்லை’ என்பார்கள். உண்மையில் சினை நின்று, பிறகு அழிந்திருக்கிறது.

முட்டைக்குள் என்ன கெடுகிறது? குதிரைக்கு 32 ஜோடி குரோமோசோம்கள். முட்டை முதிரும் கடைசி மணி நேரங்களில் ஒவ்வொரு ஜோடியும் சரியாகப் பிரிந்து, பாதி உள்ளே தங்க, பாதி வெளியேற வேண்டும். அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கும் புரதங்கள் வயதாக ஆகத் தளர்கின்றன. இழுத்துப் பிரிக்கும் நுண்ணிழைகளும் நிலைகுலைகின்றன. ஒரு குரோமோசோம் கூடினாலோ குறைந்தாலோ அந்தக் கரு பெரும்பாலும் பிழைக்காது. இத்துடன் ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் சிக்கலும் உண்டு. கருவானது முதல் சில நாட்களை முட்டை கொண்டுவந்த கையிருப்பை வைத்தே ஓட்டுகிறது. முதிய முட்டையில் அந்தக் கையிருப்பு நலிந்துவிடுகிறது. இவை எதுவும் கால்நடை மருத்துவரின் திரையில் தெரிவதில்லை. ஸ்கேனில் அவர் காண்பது நாலு சென்டிமீட்டர் அகலமுள்ள, திரவம் நிறைந்த சினைப்பைக் குமிழை. அதற்குள் இருக்கும் முட்டையோ ஒரு மில்லிமீட்டரில் ஏழெட்டில் ஒரு பங்கு. குமிழ் கொழுகொழுவென்று இருப்பதால் முட்டையும் நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. கருப்பையை அப்படியில்லாமல் நேரில் சோதிக்கலாம்: துணுக்கு எடுத்து, 1978இல் ராபர்ட் கென்னி வகுத்த முறைப்படி தரம் பிரிக்கலாம். சோதிக்க முடிகிற உறுப்பின் மேலேயே பழி போடுவது மனித இயல்பு என்று நினைக்கிறேன்.

கருப்பை குற்றமற்றது என்று நான் சொல்லவில்லை. பதினைந்து வயது வரை ஒரு முறைகூட சினைப்படாத குதிரையின் கருப்பை வாய் சரியாகத் தளர்ந்து திறக்காது. இணை சேர்ந்தபின் உள்ளே நீர் தேங்கி அழற்சி பிடிக்கும். சுவரில் தழும்புத் திசு படரும். இதற்கெல்லாம் கருமாற்றம் நல்ல தீர்வுதான். கருவுற்ற ஏழாம் அல்லது எட்டாம் நாள், கருப்பை வாய் வழியாக மென்குழாயைச் செலுத்தி, ஒரு லிட்டருக்குக் குறையாமல் திரவத்தை விட்டு, அலசி, வடிகட்டி, நுண்ணோக்கியின் கீழ் கண்ணாடித் தட்டில் தேடுகிறார்கள். அரை மில்லிமீட்டர் அளவுள்ள உருண்டை ஒன்று கிடைத்தால் அது வாடகைத்தாய்க்குப் போகும். ஆனால் முதிய குதிரையிடம் அலசிய தட்டு பெரும்பாலும் வெறுமையாக இருக்கிறது. கரு கிடைத்து மாற்றினாலும் வழியில் கலைவது அதிகம். ஊசியால் முட்டையை உறிஞ்சி, ஆய்வகத்தில் ஒற்றை விந்தணுவைச் செலுத்தும் இக்ஸி முறை கருக்குழாய், கருப்பை, விந்து ஆகிய மூன்றின் குறைகளையும் தாண்டிச் செல்கிறது. இருபது வயதுக் குதிரைகளுக்கும் இதனால் குட்டி கிடைத்திருக்கிறது. ஆனாலும் அது தொடங்குவது முட்டையிலிருந்துதான்.

எதிர்வாதிகள் முதலில் எடுத்துப்போடுவது பெயர்களை. 1989இல் பிறந்த அர்பன் சீ என்ற பந்தயக் குதிரை 17 வயதில் ஈன்ற சீ த ஸ்டார்ஸ் 2009இல் இங்கிலாந்து டெர்பியையும் பாரிஸின் ஆர்க் பந்தயத்தையும் வென்றது. ஜெர்மனியின் தடைதாண்டும் குதிரை ஹல்லா மூன்று ஒலிம்பிக் தங்கங்களுக்குப் பிறகு 1960இல், 15 வயதில் ஓய்வுபெற்று எட்டுக் குட்டிகள் போட்டது. இரண்டும் உண்மை. ஆனால் அர்பன் சீ இளம் வயதிலேயே பண்ணைக்கு வந்துவிட்ட குதிரை. ஒன்பது வயதில் கலிலியோ என்ற குதிரையை ஈன்றது. ஹல்லாவின் குட்டிகளில் ஒன்றுகூடத் தாயை எட்டவில்லை. அதைவிட முக்கியம், பதினைந்துக்கு மேல் முயன்று வெறுங்கையோடு போன பண்ணைகளின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. வயது வாய்ப்பைக் குறைக்கிறது என்றால் வாய்ப்பே இல்லை என்று பொருளல்ல.

போட்டியில் இருக்கும் குதிரையை இதற்காகத் தொந்தரவு செய்யலாமா என்ற கேள்விதான் எனக்குக் கனமாகப் படுகிறது. இணை சேர்த்தல், ஸ்கேன்கள், அலசல் என்று ஓரிரு வாரம் பயிற்சி தடைபடும். வாடகைத்தாய்களைப் பராமரிக்கும் செலவும் சிறியதல்ல. முட்டையை உறிஞ்சி எடுப்பது, மயக்கமருந்து கொடுத்து யோனிச் சுவர் வழியே சினைப்பைக்குள் ஊசி செலுத்தும் வேலை. அதை மாதாமாதம் செய்வதை ஆதரிக்க மாட்டேன். ஆனால் மறுபக்கத்தையும் எடைபோட வேண்டும். பதினெட்டு வயதுக் குதிரையைப் பருவத்துக்குப் பருவம் ஹார்மோன் ஊசி, கருப்பைக் கழுவல், ஆண்டிபயாடிக் என்று வாட்டுவது அந்த விலங்குக்குக் கருணையா? எட்டு வயதில் இரண்டு மூன்று கரு எடுத்துவிட்டால் இந்தப் பாடு அநேகமாக வராது. அர்ஜென்டினாவின் போலோ பண்ணைகள் விளையாடும் குதிரைகளிடமிருந்து பல்லாண்டாக இப்படித்தான் கருக்களை எடுக்கின்றன. அங்கே போலோ வீரர் அடோல்ஃபோ காம்பியாசோ இன்னும் ஒரு படி மேலே போனார்: குவார்டெடெரா என்ற ஒரே குதிரையின் ஆறு குளோன்களின் மேல் ஏறி 2016இல் பலேர்மோ இறுதிப் போட்டியில் ஆடினார். குளோனுக்குப் பிறப்பிலிருந்தே புதிய முட்டைகள் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் செலவைத் தாங்குபவர்கள் சிலரே.

இந்தியாவில் இந்த வாதம் பந்தயத்தைவிட நாட்டு இனங்களுக்கே அதிகம் பொருந்துகிறது. பந்தயக் குதிரைகளுக்கான உலகளாவிய விதி இயற்கையான இணைசேர்க்கையை மட்டுமே ஏற்கிறது. கருமாற்றத்துக்கு அங்கே இடமில்லை. மார்வாரி போன்ற நாட்டு இனத்துக்கு அந்தத் தடை இல்லை. தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தின் பிகானேர் வளாகத்தில் 2023இல் கருமாற்று முறையில் ராஜ்-பிரதமா என்ற மார்வாரிப் பெண்குட்டி பிறந்தது. தொழில்நுட்பம் வந்துவிட்டது; யாரிடமிருந்து கரு எடுப்பது என்பதுதான் மிச்சமுள்ள கேள்வி. கண்காட்சிகளில் பெயர்பெற்ற முதிய குதிரைகளையே கொடையாளிகளாக்கும் ஆசை இயல்பாக எழும். அதற்கு இடம்கொடாமல் ஐந்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் உள்ளவற்றைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் கருக்களை உறையவைத்துச் சேமிக்க வேண்டும். முட்டையையே உறையவைக்கலாமே என்றால், குதிரையின் முட்டையில் அது இன்னும் நம்பகமான வழியாகவில்லை. சிறிய கருக்களில் பலன் நன்றாக இருக்கிறது. கருவைச் சேமிப்பதென்றால் பொலிகுதிரையையும் அப்போதே முடிவுசெய்தாக வேண்டும்; பெட்டையின் தரம் முழுதாகத் தெரியும் முன்பே பணம் போட வேண்டும். சேமித்ததில் ஒரு பகுதி பிறகு தேவைப்படாமலும் போகலாம். அந்த இழப்பையும் திட்டச் செலவில் முதலிலேயே எழுதிக்கொள்வது நல்லது.