சுவரை இடிக்கலாம், பாகத்தை எப்படிப் பிரிப்பது?

சிவில் படிக்கிற நாம் வீட்டுக்கு பிளான் போடுவோம், எஸ்டிமேட் போடுவோம். எத்தனை மூட்டை சிமெண்ட் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். ஆனால் அந்த வீட்டைச் சேர்ந்து வாங்கிய ஆணும் பெண்ணும் நாளைக்குப் பிரிந்தால் யாருக்கு எவ்வளவு? அதிலும் கல்யாணமே ஆகாத ஜோடி என்றால்?

"இதெல்லாம் சினிமாக்காரங்க சமாச்சாரம், நமக்கெதுக்குப்பா?" என்று சிலர் சிரிக்கலாம். என் அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். எங்கள் தெருவில் தாலியும் இல்லாமல், பதிவும் இல்லாமல் இருபது வருஷமாகச் சேர்ந்து வாழ்பவர்கள் இருக்கிறார்கள். சாதி விட்டுச் சாதி சேர்ந்து ஊரை விட்டு வந்தவர்கள், முதல் கல்யாணம் சட்டப்படி தீராமலே வந்தவர்கள். அந்தப் பெண்ணும் செங்கல் சுமந்த கூலியில்தான் வீடு எழும்புகிறது. பத்திரத்தில் மட்டும் அவர் பெயர் இருக்காது.

கோவாவைத் தவிர, நம் நாட்டில் கல்யாணம் ஆனவர்களுக்கே 'பிரிந்தால் சொத்தில் பாதி' என்று பொதுச் சட்டம் கிடையாது. ஆகாதவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், கல்யாணம் போன்ற உறவில் வாழ்ந்த பெண்ணுக்கும் அந்த வீட்டில் குடியிருக்கிற உரிமையைத் தந்தது. நல்ல சட்டம். ஆனால் இருவரும் சட்டப்படி கல்யாணம் செய்யத் தகுதி உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்று 2010-ல் சுப்ரீம் கோர்ட் நிபந்தனை வைத்தது. முதல் கல்யாணம் தீராதவர்கள் அங்கேயே அடிபட்டுப் போகிறார்கள். தவிர, குடியிருக்கிற உரிமை வேறு, பாகம் வேறு.

பாகம் என்றால் 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்துக்குத்தான் போக வேண்டும். இரண்டு பேர் பெயரில் வாங்கினால், அவரவர் போட்ட பணத்தின் விகிதப்படி பாகம் என்கிறது 45-வது பிரிவு. யார் எவ்வளவு போட்டார்கள் என்பதற்குச் சாட்சியம் இல்லாவிட்டால் சமபாகம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பேங்க் ரசீது வைத்திருப்பவருக்குச் சாட்சியம் உண்டு. சனிக்கிழமைக் கூலியை அப்படியே மணலுக்கும் கம்பிக்கும் கொடுத்தவருக்கு? பிள்ளையைப் பார்த்துக்கொண்டு சோறாக்கிப் போட்டவருக்கு?

வீட்டை நடுவில் வெட்ட முடியாதென்றால், 1893-ஆம் வருஷத்துப் பாகப்பிரிவினைச் சட்டப்படி கோர்ட் விற்றுப் பணத்தைப் பங்கிடலாம், அல்லது ஒருவர் பாகத்தை மற்றவர் விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். எப்படியும் 'பாகம் எவ்வளவு' என்ற கேள்விதான் முதலில் வந்து நிற்கும்.

சீமையிலும் இதே கதைதான். இங்கிலாந்தில் ஒரு ஜோடி கல்யாணம் செய்யாமலே 1985-ல் சேர்ந்து வீடு வாங்கினார்கள். பாகம் எழுதவில்லை. 1993-ல் அவர் போய்விட்டார். அதன் பிறகு அந்த அம்மாவே தவணை கட்டி, இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தார். வழக்கு நான்கு கோர்ட் ஏறியது. ஒரு கோர்ட் ஆளுக்குப் பாதி என்றுகூடச் சொல்லிவிட்டது! கடைசியில் 2011-ல் அவருக்கு 90 சதவீதம், போனவருக்கு 10 சதவீதம் என்று முடிந்தது. ஒரு வரி எழுதியிருந்தால் இத்தனை அலைச்சல் உண்டா?

"வாங்கும்போதே பிரிவதைப் பேசுவது அபசகுனம்" என்பார்கள் பெரியவர்கள். பீம் டிசைன் பண்ணும்போது பேக்டர் ஆஃப் சேப்டி வைக்கிறோமே, அதை யாராவது அபசகுனம் என்கிறோமா? என் கருத்து இதுதான்: இரண்டு பேர் உழைப்பு என்றால் பத்திரத்தில் இரண்டு பேர் பெயரும், பக்கத்திலேயே பாகமும் வர வேண்டும். பணம் யார் கொடுத்தாலும் சரி, சமையலும் சித்தாள் வேலையும் கணக்கில் சேர்ந்து ஆளுக்குப் பாதி என்றே எழுதட்டும். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்தான் விகிதக் கணக்கு என்று அதே 45-வது பிரிவு வழியும் விட்டிருக்கிறது.

பத்திரம் எழுதுகிறவர் பெயர் கேட்பார், அப்பா பெயர் கேட்பார், நான்கு எல்லை கேட்பார். பாகத்தை நாம்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும்.