சந்தைக்குப் போகிற மாட்டுக்குப் புது மணி எதற்கு?



குந்தாரப்பள்ளி வீட்டை விற்கப் போகிறேன் என்று தெரிந்ததிலிருந்து தினம் ஒரு போன். "டீச்சர், நாலு லட்சம் போட்டு வீட்டை ரெடி பண்ணுங்க. எட்டு லட்சம் ஏத்தி விக்கலாம்" என்கிறீர்கள். என் மகனும் அதையேதான் சொல்கிறான். எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே பதில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சின்ன வயதில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நம் ஊர் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போவேன். மாட்டுக்குக் கொம்பு சீவி, எண்ணெய் தடவி, புது மணி கட்டி ஓட்டி வருவார்கள். அப்பா மணியைப் பார்க்கவே மாட்டார். பல்லைப் பிடித்துப் பார்ப்பார், மடியைத் தொட்டுப் பார்ப்பார், நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்ப்பார். மாட்டுக்கே இத்தனை பார்த்த ஊர், வீட்டுக்கு மட்டும் டைல்ஸைப் பார்த்து மயங்க வேண்டுமா?

இனி கணக்கு. வாங்குகிறவர் பெரும்பாலும் வங்கிக் கடனில்தான் வாங்குவார். வங்கி அனுப்புகிற மதிப்பீட்டாளர் மனைக்குத் தனி விலை போடுவார். கட்டடத்துக்கு அதன் வயதைக் கழித்துத்தான் விலை போடுவார். 1994-ல் கட்டிய வீடு, ஃபால்ஸ் சீலிங் போட்டதால் நேற்றுப் பிறந்ததாகிவிடாது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். நீங்கள் ஏற்றச் சொல்கிற எட்டு லட்சத்துக்கு மட்டும் அவர் 72,000 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும். நான் ஆசையாகப் போடும் டைல்ஸை அவர் வீட்டம்மா பிடிக்கவில்லை என்று பெயர்த்துவிட்டால் இரண்டு பேர் காசும் மண்.

இதைவிட என்னை உறுத்துவது வேறு. மேற்கு அறையில் மழைக்கு ஒழுகும். "சீலிங் போட்டு மூடிட்டா யாருக்கும் தெரியாதும்மா" என்றார் ஒரு புரோக்கர். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத பெரிய குறை விற்பவருக்குத் தெரிந்திருந்தால், வாங்குபவரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

சட்டத்தை விடுங்கள். இங்கே வீடு தேடுவது யார்? குருபரப்பள்ளி, ஓசூர் கம்பெனிகளில் ஷிப்ட் பார்க்கிற பிள்ளைகள். இருபது வருஷ இ.எம்.ஐ. தலையில் ஏறும். அதில் என்னிடம் அ, ஆ எழுதிப் பழகியவனும் இருக்கலாம். காப்பி அடித்ததற்கு அவனை முட்டி போட வைத்த நான், இன்று அவனிடமே ஒழுகலை மூடி விற்பதா?

வீட்டில் கையே வைக்காதே என்று நான் சொல்லவில்லை. மொட்டைமாடியில் தளம் பெயர்த்து ஒழுகலை அடைக்கிறேன். பழைய ஒயரிங்கை மாற்றுகிறேன். ஒரு கோட்டிங் வெள்ளை அடிக்கிறேன். மீதி அலைச்சல் எல்லாம் காகிதத்துக்குத்தான்: பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, வரி ரசீது. அவற்றைப் பற்றி உங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லையே!

மேற்கு அறைத் தரையில் வாளி வைத்த வட்டத் தடம் இன்னும் இருக்கிறது. அதை நான் தேய்க்கப் போவதில்லை. வீடு பார்க்க வருகிறவர்களை முதலில் அங்கேதான் கூட்டிப் போவேன். ஒழுகலைச் சரிசெய்த ரசீதையும் கையில் கொடுப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்